அறிஞர் கால்டுவெல்லும் நம் பிள்ளைகளின் ஆங்கில இலக்கணமும்

 

பரிசளிப்பு விழா மலரில் ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதுவது வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்டவர் டாக்டர் கால்டுவெல். 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் வைத்த சிலைகளில் அவர் சிலையும் ஒன்று. மேடையில் அவர் பெயரைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால், தமிழ் தனித்து இயங்க வல்ல மொழி என்று நிறுவினார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்த வேலைக்குள் நம் வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படும் பொருள் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இங்கிலீஷ் பயிற்சித் தாளில் ஒரு கேள்வி வரும். கீழே கோடிட்ட சொல் அட்வெர்ப்பா, பிரிப்பொசிஷனா என்று கேட்பார்கள். அட்வெர்ப் என்பது வினையடை. வினையைச் சார்ந்து நிற்பது. பிரிப்பொசிஷன் என்பது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை மற்றச் சொற்களோடு சேர்ப்பது. முன்னிடைச்சொல் என்று தமிழில் எழுதுவார்கள். இது பாடம். பாடம் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் கேள்வியில் 'இன்' என்று இருக்கும். 'அப்' என்று இருக்கும். 'ஆஃப்' என்று இருக்கும். ஒரே சொல் இந்த வரியில் அட்வெர்ப், அடுத்த வரியில் பிரிப்பொசிஷன்! பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கும். அம்மாவோ, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உங்க டீச்சரைக் கேளு என்று எழுந்து போய்விடுவார். அந்தத் தாய் எழுந்து போக வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த தமிழே இந்தக் கணக்கைப் போடப் போதும். எப்படி என்பதைக் கால்டுவெல்லின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம், வாருங்கள்.

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி அயர்லாந்து நாட்டில் கிளாடி என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. இளமையில் ஓவியம் கற்றார். பிறகு சமயப் பணியில் மனம் சென்றது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து 1837இல் பட்டம் பெற்றார். கிரேக்க மொழி கற்பித்த பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு அங்கேதான் அவருக்கு மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை ஊட்டினார். ஒரு நல்ல ஆசிரியர் போட்ட விதை எங்கே போய் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிளாஸ்கோவில் போட்டது திருநெல்வேலிச் செம்மண்ணில் முளைத்தது.

பட்டம் பெற்ற கையோடு லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராகக் கப்பலேறினார். அதே கப்பலில் தெலுங்குக்கு அகராதி செய்த சி. பி. பிரவுன் பயணம் செய்தார். கடல் பயணத்திலேயே மொழிப் பேச்சுத் தொடங்கிவிட்டது. 1838ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8ஆம் தேதி சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. மூன்று ஆண்டுகள் சென்னையில் தங்கித் தமிழ் படித்தார்.

இங்கே சற்று நில்லுங்கள். இங்கிலீஷ் பேசி வளர்ந்த ஒருவர் தமிழ் படிக்க உட்கார்ந்தால் அவருக்கு முதலில் எது இடறும்? சொல் வரிசைதான். அவருடைய மொழியில் 'ஆன் த டேபிள்'. நம்முடைய மொழியில் 'மேசையின் மேல்'. அவர் முன்னால் வைப்பதை நாம் பின்னால் வைக்கிறோம். 'இன் த ஹவுஸ்' என்பது 'வீட்டுக்குள்'. 'அண்டர் த ட்ரீ' என்பது 'மரத்தின் கீழ்'. தலை கால் மாறி நிற்கிறது! நம் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கும்போது படுகிற அதே பாட்டை இங்கிலீஷ்காரர் தமிழ் படிக்கும்போது படுகிறார். நம் பிள்ளை மந்தம் என்பதல்ல. இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன, அவ்வளவுதான். மலாய் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 'டி அத்தாஸ் மேஜா' என்று மலாய்க்காரரும் மேல் என்பதை முன்னால் வைத்துத்தான் சொல்கிறார்.

1841இல் கால்டுவெல் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். வண்டியில் போகவில்லை, பல்லக்கில் போகவில்லை. தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு பெரும்பகுதி நடந்தே போனார். மக்களோடு மக்களாகப் பழக வேண்டும், அவர்கள் பேசும் பேச்சைக் காதால் கேட்க வேண்டும் என்பது நோக்கம். ஆண்டு முடிவில் இடையன்குடி என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். செம்மணல் தேரியும் பனைமரமுமாக இருந்த ஊர். வெயில் சொல்லி மாளாது. அங்கேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறு வெட்டுவித்தார், பள்ளிக்கூடம் கட்டினார். நம் சிங்கப்பூரில் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய உண்டல்லவா? அவர்களுடைய முன்னோர் வாழ்ந்த அதே திருநெல்வேலிச் சீமைதான் கால்டுவெல்லின் வகுப்பறை.

1844இல் எலைசா மால்ட் அம்மையாரை மணந்தார். நாகர்கோயிலில் பணி செய்த மிஷனரி ஒருவரின் மகள் அவர். அங்கேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைத் தாய்மொழி போலப் பேசுவார். பெண் பிள்ளைகள் படிக்க வழியில்லாத காலத்தில் இடையன்குடியில் அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். பின்னல் வேலையும் கற்றுத் தந்தார். கணவர் ஏட்டில் பார்த்த தமிழை மனைவி அடுப்படிப் பேச்சிலும் அறிந்திருந்தார் என்றால் அது மிகையல்ல.

பகலில் ஊர்ப் பணி, ஓய்ந்த நேரத்தில் மொழி ஆராய்ச்சி. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு மலைவாழ் மக்களின் மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இவையெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னையில் எல்லிஸ் துரை என்பவர் 1816இலேயே அப்படியல்ல என்று எழுதிவிட்டார். ஆனால் அதை விரித்து, படிப்படியாக நிறுவிக் காட்டியவர் கால்டுவெல். 1856ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற அவருடைய பெருநூல் லண்டனில் வெளியாயிற்று. மறு ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1875இல் நூலை விரித்து இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்தார். அதில் 12 மொழிகளைக் கணக்கிட்டார். இன்று இந்தக் குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருப்பதாக அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதற்கு அவர் ஒரு பட்டியலே போட்டார். அதில் ஒன்று நம் கட்டுரைக்கு உரியது. கிரேக்கம், இங்கிலீஷ் போன்ற மொழிகள் பெயருக்கு முன்னால் வைக்கும் சொல்லை நம் மொழிகள் பெயருக்குப் பின்னால் வைக்கின்றன என்பதே அது. அதோடு அவர் நிற்கவில்லை. அப்படிப் பின்னால் வரும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தோண்டிப் பார்த்தார். பெரும்பாலும் அவை ஒரு காலத்தில் தனிப் பெயர்ச்சொற்களாக இருந்தவை என்று கண்டார். யோசித்துப் பாருங்கள். 'அவனிடம்' என்கிறோம். இடம் என்பது பெயர்தானே? மேல், கீழ், முன், பின், உள் எல்லாமே இடத்தின் பெயர்கள்தானே?

வினையடையைப் பற்றியும் அவர் அழகாக ஒன்று சொல்லியிருக்கிறார். சரியாகப் பார்த்தால் நம் மொழிகளில் அட்வெர்ப் என்று ஒரு தனி இனமே கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஒரு பெயர்ச்சொல்லாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வினையின் வடிவமாக இருக்கும் என்பது அவர் முடிவு. 'வேகமாக ஓடினான்' என்பதைப் பிரித்தால் வேகம் என்ற பெயரும் ஆக என்ற வினையும் கிடைக்கின்றன. 'திரும்பச் சொல்' என்பதில் திரும்ப என்பது வினை. 'நேற்று வந்தான்' என்பதில் நேற்று என்பது பெயர். அதனால்தான் 'நேற்றிலிருந்து' என்று உருபு சேர்க்க முடிகிறது. நம்முடைய பழைய இலக்கணக்காரர்களும் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகத்தான் வகுத்தார்கள். இங்கிலீஷ்காரரைப் போல எட்டாக வகுக்கவில்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? சொல்லின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்காது. அது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே. இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பூட்டைத் திறப்போம்.

'கம் இன்' என்றால் 'உள்ளே வா'. உள்ளே என்பது வா என்ற வினையோடு நிற்கிறது. ஆகவே 'இன்' இங்கே அட்வெர்ப். 'இன் த ரூம்' என்றால் 'அறைக்குள்'. உள் என்பது அறையோடு ஒட்டிவிட்டது. நடுவில் 'க்கு' வேறு வந்துவிட்டது. ஆகவே 'இன்' இங்கே பிரிப்பொசிஷன். சுவா சூ காங் எம்ஆர்டி நிலையம் 1990இல் திறந்தது. அங்கே ரயிலுக்காக எத்தனை முறை நின்றிருப்பீர்கள்! 'பிஹைண்ட் த எல்லோ லைன்' என்றால் 'மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்'. கோட்டோடு ஒட்டுகிறது, பிரிப்பொசிஷன். 'டோன்ட் ஸ்டே பிஹைண்ட்' என்றால் 'பின்தங்காதே'. வினையோடு ஒட்டுகிறது, அட்வெர்ப். பிள்ளையைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லு எதோட ஒட்டிக்கிட்டு நிக்குது, வேலையோடவா, பொருளோடவா? இதைக் கேட்க இங்கிலீஷ் எதற்கு?

பின்னால் ஒரு பெயர் வந்தாலே பிரிப்பொசிஷன் என்று சில பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அது ஆபத்து. 'கம் இன், முத்து' என்று ஒரு வரி இருக்கட்டும். பின்னால் முத்து என்ற பெயர் இருக்கிறதே என்று பிரிப்பொசிஷன் போடலாமா? போட்டால் முத்துவுக்குள்ளே வா என்றல்லவா ஆகிவிடும்! பாவம் முத்து. அவனை உள்ளே கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வரி. 'டர்ன் ஆஃப் த லைட்', 'கெட் ஆஃப் த பஸ்'. இரண்டிலும் 'ஆஃப்' இருக்கிறது. இரண்டிலும் அடுத்து ஒரு பெயர் வருகிறது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தமிழில் சொல்லுங்கள். முதலாவது 'விளக்கை அணை'. 'ஆஃப்' எங்கே போயிற்று? வினைக்குள் கரைந்து 'அணை' ஆகிவிட்டது. ஆகவே அது அட்வெர்ப். இரண்டாவது 'பஸ்ஸிலிருந்து இறங்கு'. இங்கே 'இலிருந்து' என்று பஸ்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அது பிரிப்பொசிஷன்.

சரியா தவறா என்று பார்க்க இங்கிலீஷிலேயே ஓர் உரைகல் உண்டு. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எடுத்துவிட்டு 'இட்' என்ற சொல்லைப் போடுங்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்போம். 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்ல மாட்டோம். 'இட்' நடுவில் புகுந்தால் அந்தச் சிறு சொல் அட்வெர்ப். 'கெட் ஆஃப் இட்' என்போம். பஸ்ஸை நினைத்துக்கொண்டு 'கெட் இட் ஆஃப்' என்று சொல்ல முடியாது. 'இட்' கடைசியில்தான் நிற்கும் என்றால் அது பிரிப்பொசிஷன். தமிழில் சொல்லிப் பார்ப்பது முதற்படி; 'இட்' போட்டுப் பார்ப்பது இரண்டாம் படி. 'லுக் அட் த பேர்ட்' என்பதைத் தமிழில் 'பறவையைப் பார்' என்போம். இதில் 'அட்' எங்கே போயிற்று என்று தெரியாது. அங்கே இரண்டாம் படி கை கொடுக்கும். 'லுக் அட் இட்' என்றுதான் சொல்ல முடியும், ஆகவே பிரிப்பொசிஷன்.

கடைசியாக ஒன்று. 'வாட் ஆர் யூ சிட்டிங் ஆன்?' என்ற வரியில் 'ஆன்' என்பதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அதனால் அட்வெர்ப் என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் 'எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய்?' என்று வரும். மேல் என்பது எதன் என்பதோடு ஒட்டியிருக்கிறது. கேள்விக்காக 'வாட்' முன்னால் ஓடிவிட்டது. 'ஆன்' தனியே நின்றாலும் அதற்குச் சொந்தக்காரர் முன்னால் இருக்கிறார். ஆகவே பிரிப்பொசிஷன்.

டென்மார்க் நாட்டு அறிஞர் ஜெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட நூலில், இவற்றை இரண்டு இனமாகப் பிரிப்பதே தேவையில்லை என்று வாதிட்டார். 'பாடு' என்ற வினை பாட்டைச் சேர்த்தும் வரும், தனியாகவும் வரும். அதற்காக அதை இரண்டு இனம் என்கிறோமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என்று படித்த நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் மாணவர்களே, பயிற்சித் தாளில் பிரித்து எழுதச் சொன்னால் பிரித்தே எழுதுங்கள்; மதிப்பெண் ஜெஸ்பர்சன் போட மாட்டார்!

மீண்டும் கால்டுவெல்லுக்கு வருவோம். பெரியவர் என்றால் குறையே இல்லாதவர் என்று பொருளல்ல. 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் ஒன்று அந்த மக்களின் மனத்தைப் புண்படுத்தியது; கடும் எதிர்ப்பு எழுந்தது. திராவிட மொழிகளுக்கும் சித்திய மொழிகள் என்று அவர் அழைத்த தொகுதிக்கும் உறவு உண்டு என்று அவர் கருதியதையும் இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். மனிதரை மனிதராகப் பார்க்கக் கற்பதும் கல்வியே.

1847இல் அடிக்கல் இட்ட இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின, 1880இல் திறந்தார்கள். இடையில் 1877இல் அவர் பிஷப் ஆனார். அதே காலத்தில் வந்த கொடிய பஞ்சத்தில் மக்களுக்கு உதவும் பணியிலும் ஈடுபட்டார். 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மண்ணில் உழைத்த அந்தப் பெரியவர் 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து கொண்டுவந்து, தாம் கட்டிய இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். பிறந்தது அயர்லாந்து, மண்ணானது திருநெல்வேலி.

அவர் தமிழைக் கற்றபோது தம் தாய்மொழியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதனால் இரண்டும் அவருக்குத் துலங்கின. நம்மில் சிலர், வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது என்று பயந்து, தெரிந்த தமிழையும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். மிளகும் கம்பீரும் ரப்பரும் விளைந்த சுவா சூ காங்கில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அந்த வீடுகளுக்குள் தமிழ் நின்றுவிடக் கூடாது. பாலத்துக்கு அக்கரையில் பால் மரம் வெட்டுகிற தாயும், இக்கரையில் பத்தாம் மாடியில் சமைக்கிற தாயும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எதோடு ஒட்டுது, எதன்மேல், எதுக்குள்ளே என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை யோசிக்கும், விடை தானே வரும். இங்கிலீஷ் பாடத்துக்கும் நாம் உதவ முடியும் என்று உங்களுக்கும் ஒரு தெம்பு வரும்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் பாராட்டுகள். அடுத்த ஆண்டு பெறப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகளின் கல்வி!